ஐஸ் பெட்டியும் கண்ணாடி மூடியும்

ஜனவரி 9, வியாழன்

ஐஸ் பெட்டி வேலையை, எனக்கு இலை பறித்துத் தரும் கார்குழலி வெளியாளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். இன்று என் கண்ணால் பார்த்தேன்.

பீச் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் பரிசுப்பொருள் கடை. நம் வாழ்த்து அட்டைகளை விற்பனைக்கு வைத்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான் போனேன். நுழைந்ததும் எதிர்ச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. வெள்ளைத் தாளில் ஒரு தொட்டாச்சிணுங்கி இலை. விரிந்த இலை. சின்னச் சின்ன இலைகள் சீப்புப் பல் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன.

வேறு யார் பார்த்தாலும் அதில் ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது. தொட்டால் மூடிக்கொள்ளும் இலையை விரித்தபடியே அழுத்திக் காயவைப்பது இந்த ஊரில் இதுவரை எங்களுக்கு மட்டும்தான் கைவந்தது. பறிக்கும்போதே மூடிக்கொள்ளும். தண்ணீரில் வைத்தால் திறக்கும். தாளில் வைக்க எடுத்தால் மறுபடி மூடும். பசை தடவி விரித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் செத்த பூரான் மாதிரிதான் வந்தது.

நாங்கள் செய்வது இதுதான். மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி. அடியில் ஐஸ், அதன்மேல் கோணி, கோணிமேல் ஈரமணல் டப்பாவில் குத்திய கிளைகள். ஐஸ் இலையில் படக் கூடாது, குளிர் மட்டும் பட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் செடி மரத்துப்போகும். அப்புறம் கிள்ளினாலும் மூடாது. இதுவரையிலாவது ஒருவன் தானாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் தெர்மாகோல் மூடியைப் போட்டு மூடினால், இருட்டியதும் இலை இரவென்று நினைத்து மடங்கிவிடும். மேலே கண்ணாடிதான் போட வேண்டும். இது புரியவே எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்தக் கண்ணாடி என் கல்யாணப் போட்டோ பிரேமிலிருந்து நானே கழற்றியது.

கண்ணாடி விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான். கார்குழலி. என் வீட்டுக்காரர் கலீலுல்லா. இவருக்கு வீட்டில் உப்பு டப்பா எது என்று தெரியாது. பெட்டியைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்லப் போகிறார்?

மிச்சம் யார்?

ஜனவரி 10, வெள்ளி

நேற்றிலிருந்து ஏழு தடவை போன் செய்துவிட்டேன். எடுக்கவில்லை.

இவர் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். "எலதானே ஜரினா, வுடேன். நைட்டி யாவாரம் நல்லாத்தானே போவுது" என்றார். ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இலைதானாம். வாரத் தவணைக்கு நைட்டி மூட்டையைச் சுமந்து குப்பம் குப்பமாக அலைந்தவள் நான். முத்தியால்பேட்டையில் இந்தக் கடை, மாடி, எல்லாம் அந்த மூட்டையிலிருந்து வந்தது. ஆனால் நைட்டியை யாரும் கையில் எடுத்துப் பார்த்து "இதை நீங்களா செய்தீர்கள்?" என்று கேட்டதில்லை. இலை அட்டையைக் கேட்டார்கள். அது ஒன்றுதான் நான் வாங்கி விற்காதது.

கவலை வேறு இருக்கிறது. சொல்தா வீட்டு அம்மா, அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பேத்தி கல்யாணத்துக்கு நானூறு அழைப்பிதழ் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு விரிந்த இலை. பிப்ரவரி முடிவுக்குள் கொடுக்க வேண்டும். இலை பறிப்பது கார்குழலி. பெட்டி இருப்பதும் அவள் வீட்டில்.

ஜனவரி 12, ஞாயிறு

குருசுக்குப்பத்தில் கார்குழலி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா" என்றாள். எழுந்திருக்கவில்லை.

"போன் ஏன் எடுக்கல?"

"கை மீன்ல இருந்துச்சு."

"மூணு நாளாவா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கண்ணாடி போடறத சொல்லிட்டியா குழலி?"

"சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். ஆட்டோவில் வரும்போது அவள் மறுப்பாள், அழுவாள், நான் இப்படிக் கேட்பேன், அப்படி மடக்குவேன் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"என்னடி குடுத்தான் அந்தக் கடைக்காரன்?"

"எங்களுது புயல்ல போச்சுல்ல, போட்டுக்கு ஒரு மோட்டாரு. பழசுதான். ஓடுது."

"ஒரு பழைய மோட்டாருக்கா? பதினஞ்சு வருஷம்டி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. வலை பின்னிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் அம்மாவாசை, "பாயம்மா, கொஞ்சம் மெதுவா திட்டுங்க. வலைக்கண்ணு எண்ணிக்க தப்புது" என்றார். யாரோ சிரித்தார்கள். எனக்கு இன்னும் எரிந்தது.

"என்கிட்ட கேட்டிருந்தா மோட்டாருக்கு நான் குடுத்திருக்க மாட்டேனா?"

"நீ எங்கக்கா கேக்க வுட்ட? புயலடிச்ச மறுநா காலைல போன் பண்ணியே, எடுத்த ஒடனே என்னா கேட்ட?"

"எப்படி இருக்கேன்னு கேட்டேன்."

"பெட்டி நனைஞ்சிடுச்சான்னு கேட்ட."

"பொய் சொல்லாத."

"சரிக்கா. பொய்தான். அப்படியே வச்சிக்க."

உள்ளே போய் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடி, தாள்கட்டு எல்லாம். அவள் தடுக்கவில்லை. நெத்திலித் தலையைக் கிள்ளுவதையும் நிறுத்தவில்லை. "மூலைல கீறி இருக்கு, பாத்து எறக்கு" என்று மட்டும் சொன்னாள். ஆட்டோ முழுக்க மீன் வாடை. ஓட்டுநர், "ஐஸ் உருகுதா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். உள்ளே ஐஸே இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழையதைக் கொளுத்துகிறார்கள். தெருவெல்லாம் புகை. என்னிடம் கொளுத்த ஒரு பெட்டி இருக்கிறது. தெர்மாகோல் எரிந்தால் நாறும் என்று விட்டுவைத்திருக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

இவரை அனுப்பி அந்தக் கடையிலிருந்து ஒரு அட்டை வாங்கிவரச் சொன்னேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஆத்திரத்தில் சரியாகப் பார்க்கவில்லை.

அது எங்கள் செடி இல்லை!

காம்பில் முள் இருக்கிறது. இலை நாலு விரலாகப் பிரிகிறது. இது ரோஸ் நிறப் பூப் பூக்கிற சாதாரணத் தொட்டாச்சிணுங்கி. லாஸ்பேட்டையில் காலி மனை எங்கேயும் கிடக்கும். நாங்கள் எடுப்பது வேறு. மஞ்சள் பூ, முள் கிடையாது, காம்பில் இன்னும் அதிக விரல்கள். கடலோர ஈரமணலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். குழலி அதை மஞ்சச் சுண்டி என்பாள். காய்ந்த பிறகும் பச்சை போகாது. அதனால்தான் எங்கள் அட்டைக்கு அந்த விலை.

ஆக, பெட்டியை விற்றிருக்கிறாள். இடத்தை விற்கவில்லை.

இல்லை, இன்னும் விற்கவில்லையா?

ஜனவரி 19, ஞாயிறு

இடத்துக்கு நானே போனேன். எந்த இடம் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

அவளோடு நாலைந்து தடவை போயிருக்கிறேன், எட்டி நின்று பார்த்ததோடு சரி. மணல் மேட்டில் அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். அதைத் தாண்டினால் சவுக்கு. சவுக்குக்குப் பின்னால் ஒரு பள்ளம். மழைத் தண்ணீர் தை மாதம் வரைக்கும் ஊறிக் கிடக்கும். பள்ளத்தின் ஓரம் முழுக்க மஞ்சச் சுண்டி. நம் கடை மாடியளவு இடம் இருக்கும், அவ்வளவுதான். யாரும் தோண்டவில்லை. ஒரு கொத்துகூடப் பிடுங்கின அடையாளம் இல்லை. நின்று மூச்சு விட்டேன்.

பிளேடு, ஈரமணல் டப்பா எல்லாம் கொண்டுபோயிருந்தேன். இறங்கினேன். புர்கா ஓரம் பட்டது. முதல் கொத்து மூடியது, அதை ஒட்டிய கொத்து மூடியது. நான் ஒரு அடி வைத்தால் அடுத்த கொத்து வாடிக்கொண்டது. என்னைக் கண்டு கதவைச் சாத்துகிற தெரு மாதிரி. நைட்டி தவணை வசூலுக்குப் போகும்போது சில தெருக்கள் அப்படித்தான் இருக்கும்.

குழலி எப்படிச் செய்வாள்? செருப்பைக் கழற்றிவிடுவாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்வாள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்ப்பக்கமாக வந்து உட்காருவாள். உட்கார்ந்துகொண்டே இருப்பாள். அது திறக்கிறவரை.

உட்கார்ந்தேன். கடிகாரம் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஆனது முழுசாகத் திறக்க. கை நீட்டினேன். முழங்கை பட்டு எல்லாம் மூடியது. இன்னும் இருபது நிமிடம். கால் மரத்துவிட்டது. இலைக்கு மூன்று ரூபாய் என்று நான்தான் விலை பேசினேன், அதுவும் பத்து வருடம் முன்பு. கிளையை வெட்டுவதற்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் சேர்த்து என்று அன்றைக்குத் தாராளமாக நினைத்துக்கொண்டேன். இந்த உட்காருவதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

இரண்டு மணி நேரத்தில் ஒன்பது கிளை.

ஜனவரி 20, திங்கள்

ஒன்பதும் கெட்டுப்போயின. கோணி விலகி ஐஸ் பட்டுவிட்டது. கறுத்துவிட்டன. எங்கே, எவ்வளவு கனத்துக்குக் கோணி மடிக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். பெட்டி என்னிடம் இருக்கிறது என்று பெயர்.

ஜனவரி 24, வெள்ளி

அவள் சொன்னது பொய் என்று அவளுக்கே காட்ட வேண்டும் என்று போன வருட டைரியைத் தேடி எடுத்தேன். புயலுக்கு மறுநாள் என்ன எழுதியிருக்கிறேன் என்று அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"டிசம்பர் 1, ஞாயிறு. கடையில் முழங்கால் தண்ணீர். கீழ்த்தட்டு நைட்டி நாற்பது பாழ். கரண்ட் இல்லை. கார்குழலிக்குப் போன் போட்டேன். பெட்டியும் தாளும் பரணில் பத்திரமாம். நல்லது."

இவ்வளவுதான் இருக்கிறது. அவள் எப்படி இருந்தாள் என்று எழுதவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். நாற்பது நைட்டியை எழுதியவள் அதை விட்டிருக்க மாட்டேன்.

பக்கத்தைப் புரட்டினேன். டிசம்பர் 4, பத்து கிலோ அரிசியும் ஒரு போர்வையும் ஆட்டோவில் அனுப்பியிருக்கிறேன். நானே போகவில்லை. ஜனவரி 9 வரை அவள் பெயரே இல்லை.

எடுத்ததுதான் எடுத்தோம் என்று இன்னும் பழைய டைரிகளையும் பார்த்தேன். ஐஸில் வைத்தால் மரத்துப்போகும் என்பதைக் கண்டுபிடித்தது அவள். மீன்பெட்டி மேல் எதேச்சையாக வைத்த கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க பாருக்கா, இதுக்கு வெக்கம் போயிடுச்சு!" என்று குழந்தை மாதிரி கூப்பிட்டாள். குளிர் அவளுடையது, கண்ணாடி என்னுடையது. அட்டையின் பின்பக்கம் ஒரு பெயர்தான் அச்சடித்திருக்கிறது. அது என் பெயர்.

சரி. ஆனாலும் அவள் செய்தது துரோகம்தான். ஒரு போன் பேச்சுக்காகப் பதினைந்து வருடத்தையா விற்பது? வந்து முகத்துக்கு நேரே நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மோட்டார் போச்சுக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன கல்லா? ஏன் சொல்லல? ஏன்டி சொல்லல?

ஜனவரி 30, வியாழன்

சொல்தா வீட்டு அம்மா போன். "எத்தினி ரெடியாச்சு ஜரினா?" பாதி என்று சொன்னேன். இருப்பில் இருப்பது பழைய இலை முப்பத்தொன்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

அந்தக் கடைக்காரன் இன்று நம் கடைக்கே வந்துவிட்டான். பலராமன் என்று பெயர். முப்பது வயதிருக்கும், சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவன். தப்புச் செய்தவன் மாதிரியே இல்லை. நைட்டி மாட்டியிருக்கிற கம்பிக்குக் கீழே குனிந்து வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மேடம், சுத்தி வளைக்கல. எங்க இலை ஒரு மாசத்துல பழுப்பாயிடுது. உங்களுது ஆகல. அந்த மஞ்சள் பூச் செடி எங்க இருக்கு?"

"உங்களுக்குச் சொல்லிக் குடுத்த ஆளையே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டாச்சு மேடம், எத்தனையோ தடவை. பெட்டி வேலை என்னுது, அத சொல்லிட்டேன், எடம் என்னுது இல்லன்னு அந்தம்மா ஒரே பிடி. மோட்டார வேணும்னா கழட்டிக்கிட்டுப் போன்னுட்டாங்க."

டீ சொன்னேன். வியாபாரத்தில் அதிர்ச்சி வந்தால் டீ சொல்லிவிட வேண்டும். குடிக்கிற நேரத்துக்கு முகத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஐம்பதாயிரம் என்றான். மண்ணோடு பெயர்த்தெடுத்து நர்சரியில் வைத்து வளர்ப்பார்களாம். "அப்புறம் நீங்களே என்கிட்ட வாங்கிக்கலாம் மேடம், நல்ல ரேட்டுக்குத் தரேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

யோசிக்கிறேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, நிஜமாகவே யோசிக்கிறேன். அவள் பெட்டியை விற்றாள், நான் இடத்தை விற்கிறேன். கணக்கு தீர்ந்தது. அவளுக்கும் வலிக்கட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அந்தப் பள்ளத்து மண்ணை நர்சரியில் எங்கே கொண்டுவருவார்கள்? ஒருமுறை ஆசைப்பட்டு நாலு கொத்தைத் தொட்டியில் வைத்துப் பார்த்தேன். பத்து நாளில் போய்விட்டது. இவன் முழுசாக வாரிக்கொண்டு போவான், அங்கே சாகும். அடுத்த வருடம் இவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஐம்பதாயிரம் ஒரு தடவைதான் வரும்.

வியாபாரியாக இதுதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. மோட்டாரைக் கழட்டிக்கொண்டு போ என்றாளே.

பலராமனுக்குப் போன் செய்து, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குருசுக்குப்பம் போனேன்.

அவள் புருஷன் வடிவேல் வாசலில் அந்தப் பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். குழலி உள்ளே இருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை, அவனாகவே பேசினான்.

"புயலன்னிக்கு நான் கடலூர்ல அக்கா வூட்ல மாட்டிக்கிட்டேன் பாயம்மா. இவ ஒண்டி ஆளு. வூட்டுக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி. அக்கம்பக்கத்துல ஆளக் கூப்ட்டு மோட்டார மேல ஏத்தறத வுட்டுட்டு, ஒங்க பெட்டியையும் தாளுங்களையும் நாலு நட பரணுக்கு ஏத்தியிருக்கா. ஏன்டின்னு கேட்டேன். மோட்டாரு நம்பளுது, இது அவங்களுதுன்றா."

உள்ளேயிருந்து அவள் குரல்: "யோவ், ஒன் வேலையப் பாரு."

வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மூலைக் கீறலைத் தடவினாள். "இன்னும் பெருசாயிருக்கு. எறக்கறப்ப பாக்கல நீ."

"பலராமன் கடைக்கு வந்தான்" என்றேன். "எடத்த கேட்டான். இல்லன்னுட்டேன்."

இப்போது நிமிர்ந்தாள். "எவ்ளோ சொன்னான்?"

"அம்பது."

"அடப்பாவி! என்கிட்ட முப்பதுதான் சொன்னான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். ஒரு நொடிதான். அப்புறம் இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. புயலன்று நான் கேட்காததை இன்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அது நக்கல் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். பழைய மாதிரி ஆகாது. இன்றைக்கு அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். ஆனால் அவள் போன் அடித்தபோது, யார், என்ன பேசுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவளும் அதைப் பார்த்தாள்.

பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. குழலி இவ்வளவு அழுத்தமாகப் பேரம் பேசுவாள் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. பேசி முடித்தது:

சொல்தா வீட்டு ஆர்டரை இருபத்தைந்தாம் தேதிக்குள் முடிப்பது. இலைக்கு மூன்று ரூபாய் என்பது இனி கிடையாது. அட்டை விற்கிற விலையில் தாள், பிரேம் செலவு போக பாதி அவளுக்கு, பாதி எனக்கு. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதமும் இலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஆறாயிரம். காய் வெடித்து விதை விழுந்த கொத்தில் மட்டும் வெட்டுவது, மூன்றில் ஒரு கொத்தைத் தொடாமல் விடுவது. இடத்தை இரண்டு பேரும் யாருக்கும் சொல்வதில்லை. அட்டையின் பின்பக்கம் இரண்டு பெயர், அவள் பெயர் மேலே.

பெட்டி அவள் வீட்டில். கண்ணாடி என் வீட்டில். வேலை நாளில் நான் எடுத்துக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவது.